ஒரு ஆளைக்கூட இழக்காத படைத்தலைவர்

பழையபடிக்காரர் என்று ஓர் இனம் நம் நடுவே உலவிக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஜெயிப்பவர்கள் ஒரு பக்கம், தோற்பவர்கள் ஒரு பக்கம் என்று உலகத்தைப் பிரித்து வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். இவர் இரண்டு பக்கமும் சேராதவர். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த நொடியில், "இது கணக்குல கிடையாது, பழையபடி வெச்சுக்கலாம்" என்று சொல்லி, தோல்விக்கு ஒரு நிமிஷம் முந்திய இடத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார்.

இன்னும் பிடிபடவில்லையா? சதுரங்கத்தில் குதிரையை நகர்த்திவிட்டு, அதன் தலையில் ஒரு விரலை மட்டும் ஊன்றியபடி ஐந்து நிமிஷம் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, எதிராளியின் உதட்டோரம் லேசாக அசைந்ததும் "நான் இன்னும் கைய எடுக்கலையே!" என்று குதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரே, அவர்தான். காரை நிறுத்தும்போது சக்கரம் கோட்டை ஒரு சாண் தாண்டிவிட்டது என்பதற்காகத் தெருவரைக்கும் மறுபடி ஓட்டிக்கொண்டு போய், முதலிலிருந்து திரும்பி வருபவரும் அவர்தான். குரூப் போட்டோவில் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று பதினோரு படம் எடுக்கவைத்து, எல்லோருக்கும் சிரிப்பு வற்றிப்போன பிறகு, "முதல்ல எடுத்ததே நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு சொல்பவர் வேறு யார்?

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவர் எனக்குத் தெரியும். கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவர். மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, "இப்ப தெளிவா? இப்ப? முன்ன இருந்ததா, இப்ப இருக்கறதா? சரி, முன்ன இருந்ததையே இன்னொரு தடவ பார்த்துரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் எழுதிக்கொடுத்த கண்ணாடி யாருக்கும் பொருந்தாமல் போனதாகப் பேச்சே இல்லை. ஆனால் அவர் எழுதி முடிப்பதற்குள் பார்வையே மாறிப்போனவர்கள் உண்டு.

கடை அவருக்குப் பிழைப்பு. போர்க்களம் வீட்டில் இருக்கிறது. ஹாலில், டிவிக்கு எதிரே, ஒரு பக்கம் மட்டும் குழிந்துபோன சோபாவில்.

அவர் ஆடுகிற வீடியோ கேம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஆறு சிப்பாய்கள். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நகரம். நீங்கள் ஆறு பேரையும் நகர்த்தி முடித்தால், எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். சுடுவதற்கு முன்னால், ‘குறி தப்பாமல் இருக்க அறுபத்தைந்து சதவீதம் வாய்ப்பு’ என்று திரையே சொல்லிவிடும். செத்த சிப்பாய் செத்ததுதான், எழுந்து வரமாட்டான். முகாமில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் அவன் பெயரைப் பொறித்துவிட்டு, துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத ஒரு புது ஆளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போக வேண்டும். கொடூரமான ஏற்பாடு. இதைச் செய்து வைத்த புண்ணியவான்கள், கடைசியில் மனசு கேட்காமலோ என்னவோ, பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவையும் வைத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் ‘சேவ்’ போடலாம், நடந்தது பிடிக்கவில்லையா, அந்த இடத்திலிருந்தே மறுபடி ‘லோட்’ செய்துகொள்ளலாம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்றுதான் அந்தக் கதவை வைத்திருப்பார்கள். நம்மவர் அதில் குடியேறிவிட்டார்.

அவருடைய படையை நீங்கள் பார்க்க வேண்டும். குண்டு வீசுகிறவர் பெயர் ‘மாமியார்’. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர் ‘முதலாளி’. வேவு பார்ப்பவன் ‘மச்சான்’. பூட்டுத் திறக்கும் வேலை கீழ்வீட்டு ‘வாத்தியாரு’க்கு. அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது ‘வீட்டம்மா’. படைத்தலைவர் பெயர் ‘நான்’. உறவும் நட்பும் சூழ ஆடினால்தான் ஒரு பிடிப்பு இருக்கும் என்பது அவர் கட்சி.

பிடிப்பு இருந்ததா? கேளுங்கள். ஒரு கதவைத் திறக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு சேவ். திறந்து, உள்ளே நாலு எதிரிகள் இருந்தால் லோட். பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு சேவ். மாமியார் குண்டை எறிந்து, அது முதலாளியின் காலடியில் உருண்டு போனால் லோட். அவருடைய சேவ் பட்டியலை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். ‘கதவுக்கு முன்’, ‘கதவுக்கு முன் இரண்டு’, ‘கதவுக்கு முன் சரியானது’, ‘கதவுக்கு முன் இதுதான் நிஜமாகவே சரியானது’, ‘கதவுக்கு முன் அழிக்காதே’ என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் கடைசியில் ஒரு காலி அறைதான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

இதில் ஒரு சடங்கு வேறு. குறி தப்பியபின் லோட் செய்து அதே குண்டைச் சுட்டால், அது அதேபோலத் தப்பும். ஆட்டத்தைச் செய்த புத்திசாலிகள் அப்படி ஒரு கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்கள். நம்மவர் அதையும் கண்டுபிடித்துவிட்டார். முதலில் வாத்தியாரை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும், பிறகு மச்சான் காற்றில் வெறுமனே ஒரு குண்டு சுட வேண்டும், அதற்குப் பிறகு முதலாளி சுட்டால் எதிரி விழுவான். ஏன் என்று கேட்கக்கூடாது. நல்ல நேரம் பார்த்துப் புறப்படுகிறவரைப் போல, முகத்தில் ஒரு பக்தியோடு இதையெல்லாம் செய்வார்.

மற்றவர்களுக்கு எதிரி துப்பாக்கியைத் தூக்கினால் நெஞ்சு படபடக்கும். இவருக்கு நெஞ்சு படபடத்தது ஒரே ஒரு தடவைதான். சேவ் போட்டுக்கொண்டிருக்கும்போது மின்விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டியது.

சரி, ஊருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒருவர் தன் சோபாவில் உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு ஆடுகிறார், உனக்கென்ன வந்தது என்று கேட்கிறீர்களா? எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் பெருமை பேசாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவும் மாட்டேன். ஆனால் பழையபடிக்காரர்களால் பேசாமல் இருக்க முடியாது. "முன்னூத்தி நாப்பது மணி நேரம்! ஒரு ஆளைக்கூட இழந்ததில்ல!" என்று கடையில் சொல்வார். கண் பரிசோதனைக்கு வந்தவர் இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது சொல்வார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அதைத் தன் மச்சானிடம் சொன்னார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனும் அதே ஆட்டத்தை ஆடுகிறவன், ஆனால் ‘ஒற்றை சேவ்’ முறையில். அந்த முறையில் நாமாக சேவ் போட முடியாது. ஒவ்வொரு அசைவுக்கும் ஆட்டமே பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். பின்னால் போக வழியே கிடையாது.

"எனக்கு இருபத்தேழு பேர் போயாச்சு மாமா," என்றான் மச்சான், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி. "அந்தப் பாலத்துச் சண்டை இருக்கே, அதுல ஒருத்தன், முந்தின நாள்தான் சேர்ந்தவன், பேர்கூட மாத்தல. எல்லாரும் தாண்டற வரைக்கும் தனியா நின்னு சுட்டான். கடைசி குண்டும் தீர்ந்துபோச்சு. எனக்குக் கையெல்லாம் வேர்த்து, கன்ட்ரோலரே வழுக்குது. நீங்க அந்தப் பாலத்துல என்ன பண்ணீங்க?"

நம்மவர் யோசித்தார். பாலத்துச் சண்டையை அவர் பத்தொன்பது தடவை ஆடியிருக்கிறார். "தாண்டினோம்," என்றார்.

"எப்படி?"

"நல்லபடியா."

"அப்புறம் அந்த ஆஸ்பத்திரி?"

"அதுவும் நல்லபடியாத்தான்."

முன்னூற்று நாற்பது மணி நேரப் போர் அனுபவத்தில் சொல்வதற்கு ஒரு கதைகூடத் தேறவில்லை. ஒன்றுமே நடக்காதபடிக்குப் பார்த்துப் பார்த்து ஆடினால் கதை எங்கிருந்து வரும்? மச்சானின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அது நம்மவருக்குப் பொறுக்கவில்லை.

"நம்பலேன்னா சுவரைப் பார்த்துக்கோடா. வெறும் சுவர்!" என்று கன்ட்ரோலரைத் தூக்கி மச்சான் மடியில் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவி, நிஜ வீட்டம்மா, உள்ளே வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஷிஃப்ட் முடித்து, காக்கிச் சட்டையோடு, காலணியைக் கழற்றியபடி, "என்ன சுவரு?" என்று கேட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தாள்.

மச்சான் சுவரைத் திறந்திருந்தான். பெரிய சாம்பல் நிறச் சுவர். நூறு பெயருக்கு இடம் இருக்கும். நட்டநடுவில் ஒரே ஒரு பெயர்ப்பலகை.

‘வீட்டம்மா. மருத்துவர். பதினேழு சண்டைகள். கைவிடப்பட்டார்.’

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரின் முகம் இல்லை அது. பாவம், அவர் அதை நிஜமாகவே மறந்துபோயிருந்தார். இழப்பு என்று அதை அவர் ஒருநாளும் எண்ணியதே கிடையாது.

வீட்டம்மா மெதுவாக சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "இது நானா?"

"அது வந்து... ஒரு பேருக்குத்தான்..."

"எத்தன பேரு செத்திருக்காங்க மொத்தத்துல?"

"ஒருத்தர்," என்றான் மச்சான். அவனுக்கு வாயை மூடத் தெரியாது. "முன்னூத்தி நாப்பது மணி நேரத்துல ஒரே ஒருத்தர்க்கா."

"எங்கம்மா?"

"உயிரோட இருக்காங்க. குண்டு வீசிட்டிருக்காங்க."

"அவரோட முதலாளி?"

"ஒரு கீறல் இல்ல."

வீட்டம்மாவுக்கு இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு ஆத்திரப்படுவது என்றே புரியவில்லை. பெற்ற தாய் பிழைத்திருக்கிறாள். அது நல்ல சேதிதான்.

நம்மவர் விளக்க ஆரம்பித்தார். இந்த இனத்தார் மாட்டிக்கொண்டால் விளக்குவார்கள், அதுதான் அவர்களைக் கவிழ்க்கும். அந்தச் சண்டையைப் பதினாலு தடவை ஆடினாராம். முதல் தடவை மாமியார் போனார். லோட். அடுத்து மச்சானும் முதலாளியும் ஜோடியாகப் போனார்கள். லோட். ஒருமுறை எல்லோரும் பிழைத்தார்கள், ஆனால் ரகசியப் பெட்டி கிடைக்கவில்லை. அதனால் அதற்கும் லோட். பதினாலாவது தடவை பெட்டியும் கிடைத்தது, முழு மதிப்பெண்ணான மூன்று நட்சத்திரமும் கிடைத்தது, ஐந்து பேரும் கீறல் இல்லாமல் வண்டி ஏறினார்கள்.

"அஞ்சு பேரும்," என்றாள் வீட்டம்மா.

"நீ கொஞ்சம் பின்தங்கிட்டம்மா. ஆனா மூணு நட்சத்திரம் வந்துச்சு, அதனால..."

"எல்லாரும் உயிரோட இருந்த ஆட்டம் ஒண்ணு உங்க கையில இருந்துச்சு. பெட்டிக்காக அதை வேணாம்னுட்டீங்க. அப்படித்தானே?"

அந்த இக்கட்டில்தான், அந்த இனத்தைச் சேர்ந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை அவர் சொன்னார்.

"ஆனா பழைய சேவ்ல நீ உயிரோடதாம்மா இருக்க!"

"அப்ப அங்கயே போய்க் குடும்பம் நடத்துங்க!"

இதோடு நின்றிருந்தாலும் தேவலை. மச்சான், அக்காவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, முகாமின் ஆள் பட்டியலைத் திறந்தான். "பாருக்கா, நீ இங்கயும் இருக்க!" என்றான். ஆமாம், இருந்தாள். ‘வீட்டம்மா. மருத்துவர்.’ ஆனால் இந்த வீட்டம்மாவுக்குச் செம்பட்டை முடி, உயரம் அரை அடி அதிகம், இடுப்பில் இரண்டு கத்தி.

"யாரு இவ?"

வீட்டம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, சேர்ந்த தேதியைப் படித்தாள். பிறகு சுவரில் இருந்த தேதியைப் பார்க்கச் சொன்னாள். விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு நாள்," என்றாள். "நான் போய் நாலே நாள். அதுக்குள்ள என் பேரையே வெச்சு இன்னொருத்தியக் கொண்டாந்துட்டீங்க."

"மருத்துவர் இல்லாம சண்டைக்குப் போக முடியாதும்மா..."

அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேகமாகச் சாத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள். பன்னிரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்த மெதுவான சாத்தலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். உண்மையிலேயே அவளுக்கு வலித்துவிட்டது.

அப்போது நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? வாசலுக்குப் போனார். செருப்பைப் போட்டார். கதவை வெளியிலிருந்து மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, அழைப்பு மணியை அடித்தார். உள்ளே வந்து, அப்போதுதான் கடையிலிருந்து வருபவர் மாதிரி, "என்னம்மா, டியூட்டி முடிஞ்சு வந்துட்டியா? களைப்பா இருக்கியா?" என்று மூடிய அறையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க வெளிய போயே ஒரு நிமிஷம் ஆகல," என்றது அறை.

மறுபடி வெளியே. மறுபடி மணி. இந்தத் தடவை, "என்ன மன்னிச்சுரும்மா" என்று ஆரம்பித்தார்.

"எதுக்கு?"

"பொதுவா."

மூன்றாவது தடவை கதவைத் திறந்தவன் மச்சான். கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தான். "மாமா, இன்னொரு தடவ அடிச்சா மணியையே கழட்டச் சொல்லிருக்கு அக்கா."

இந்த இனத்தாருக்கு இதுதான் விளங்குவதில்லை. ஆட்டத்தில் எதிரிக்கு முந்தைய பதின்மூன்று தடவை நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் புதிதாய்ப் பிறந்த குழந்தை போல வந்து நிற்பான். மனைவிக்குப் பதின்மூன்றும் வரிசைப்படி ஞாபகம் இருக்கும், நீங்கள் அப்போது போட்டிருந்த சட்டையின் நிறத்தோடு.

கால் மணி நேரம் கழித்து வீட்டம்மா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். சோபாவில் நம்மவரின் குழியில் வந்து உட்கார்ந்து, "குடுங்க. நான் ஆடறேன்," என்றாள். தம்பியைப் பார்த்து, "உன் முறையில போடுடா. பின்னால போக முடியாதது," என்றாள்.

"வேணாம்மா, அது கஷ்டம்..." என்றார் நம்மவர்.

"பஸ்ஸுல எனக்கென்ன பழையபடி பட்டனா இருக்கு?"

அவளுக்கு ஆறு சிப்பாய்கள் கிடைத்தார்கள். ஒருவனுக்கு ‘தம்பி’ என்று பெயர் வைத்தாள். ஒருவனுக்கு ‘அவர்’ என்று வைத்தாள். மற்ற நாலு பேரும் ஆட்டம் கொடுத்த பெயரோடேயே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

முதல் சண்டையை பஸ் ஓட்டுகிற வேகத்தில் ஆடினாள். கதவென்றால் திறந்தாள், தெருவென்றால் குறுக்கே ஓடவிட்டாள். எட்டாவது நிமிஷம் ‘தம்பி’ நடுத்தெருவில் சுருண்டு விழுந்தான்.

"அக்கா! நான்க்கா!" என்று அலறினான் நிஜத் தம்பி.

"ஐயையோ," என்றாள். கை தன்னிச்சையாக, பின்னால் போகும் பட்டனைத் தேடியது. தேடியது அங்கே இல்லை. "பாவம்டா," என்றாள் மெதுவாக.

அதற்கப்புறம் அவள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு முனையிலும் நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், பிறகுதான் நகர்ந்தாள். எதிரி சுடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எழுபது சதவீதம் என்று திரை சொன்னால் நம்மவருக்கு அதுவரை அது ஒரு எண், தப்பினால் லோட். இப்போது அந்த முப்பது சதவீதம் ஹாலுக்குள்ளேயே வந்து நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ‘அவர்’ சுவரோரமாக ஓடும்போதெல்லாம் இவரும் சோபாவில் தலையைக் குனிந்துகொண்டார். குறி பட்டபோது மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கீழ்வீட்டு வாத்தியார் தன் கூரையைத் தட்டினார். முன்னூற்று நாற்பது மணி நேரத்தில் அவர் தட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது சண்டையில்தான் வந்தது வினை. ஐந்து பேரில் நாலு பேர் தப்பிக்கும் வண்டியில் ஏறிவிட்டார்கள். ‘அவர்’ மட்டும் மூன்று கட்டிடம் தள்ளி, தொடையில் குண்டுபட்டு, தரையில் கிடந்தார். தலைக்கு மேலே சிவப்பில் ‘மூன்று’ என்று எழுதியிருந்தது. மூன்று சுற்றுக்குள் யாராவது போய்த் தூக்காவிட்டால் கதை முடிந்தது. வண்டியோ அடுத்த சுற்றில் கிளம்பியாக வேண்டும், நின்றால் சூழ்ந்துகொள்வார்கள்.

"அக்கா, விட்ருக்கா," என்றான் தம்பி. குரலில் விளையாட்டு இல்லை. "மாமாவுக்காக நாலு பேரையும் குடுக்க முடியாது."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மவருக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தனக்காக இவள் திரும்பிப் போவாளா மாட்டாளா. அதை நேராகக் கேட்க முடியுமா? அதனால் ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கரகரப்புச் சேர்த்து, "என்னை விட்டுட்டுப் போங்க," என்றார்.

வீட்டம்மா திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான்."

"சரி," என்று பட்டனை அழுத்தினாள்.

வண்டி கிளம்பிவிட்டது.

"ஏய்! நான் ஒரு பேச்சுக்குத்தாண்டி சொன்னேன்!" என்று துள்ளி எழுந்தார். கன்ட்ரோலரைப் பிடுங்கினார். இருக்கிற பட்டனையெல்லாம் அழுத்தினார். ‘லோட்’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திரையில் வண்டி மூலை திரும்பியது. தூரத்தில் தரையில் கிடந்த சின்ன உருவம் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆட்டத்தைச் செய்கிறவர்கள் எதற்காக அதையெல்லாம் செய்து வைக்கிறார்களோ!

சுவர் வந்தது. ‘தம்பி. ஒரு சண்டை.’ அதன் பக்கத்தில், ‘அவர். மூன்று சண்டைகள். கைவிடப்பட்டார்.’

நம்மவர் உட்கார்ந்தார். யாரோ ஒரு பொம்மைச் சிப்பாய்தான், அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை நாள் அவள் இப்படித்தான் எங்கேயோ தரையில் கிடந்திருக்கிறாள், தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறோம் என்று முதல்முறையாக அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மூன்று சண்டை முடிந்த பிறகுதான் ஆள் சேர்க்க முகாம் திறக்கும்; அங்கே புது ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ‘இரண்டு இடங்கள் காலி. நிரப்பவா?’ என்று கேட்டது ஆட்டம். தம்பியின் இடத்துக்கு ஒரு முரட்டு ஆளை எடுத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் உடனே ஆளாக்கா?" என்று சிணுங்கினான் அவன். ‘ஒரு இடம் காலி. நிரப்பவா?’ என்று மறுபடி கேட்டது.

‘வேண்டாம்.’

‘அணி முழுமையாக இல்லை. நிச்சயமாகவா?’

‘ஆம்.’

"அஞ்சு பேரோட போனா அடுத்த சண்டையில தாக்குப்பிடிக்க முடியாதும்மா," என்றார் நம்மவர்.

"தெரியும்."

"அப்ப ஒரு ஆள எடேன். அந்தக் கடைசியில நிக்கறான் பாரு, என்னைவிட நல்லா சுடுவான்."

"இருக்கட்டுங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க இடத்துல இன்னொருத்தர வெக்க எனக்கு மனசு வரல."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும், இந்த நேரத்தில் மிகச் சரியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று துடித்தார். மனசுக்குள் ஒரு வாக்கியம் போட்டார், பிடிக்கவில்லை, அழித்தார். இன்னொன்று போட்டார், அது சினிமா வசனமாக இருந்தது. மூன்றாவதைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே வீட்டம்மா ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டாள்.

அவர் கதை அவ்வளவுதான். திருந்தினாரா என்று கேட்காதீர்கள். இந்த இனம் திருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் வீடியோ கேமெல்லாம் தொடுவதே இல்லை, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. போன வாரம் ஒருவருக்கு போனில் ஆத்திரத்தோடு ஒரு செய்தி அனுப்பினீர்களே, அனுப்பிய கையோடு பதறிப்போய் ‘அனைவருக்கும் அழி’ என்பதை அழுத்தினீர்களே, அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு பூப்படத்தோடு ‘காலை வணக்கம்’ வேறு போட்டீர்களே?

நீங்கள் அழிப்பதற்கு முன்னாலேயே அவர் அதைப் படித்துவிட்டார்.